அலுவலக நெட்வொர்க்கில் யாரோ செருகிய வைஃபை ரவுட்டர்: எப்படிக் கண்டுபிடிப்பது, சட்டப்படி எப்படிக் கையாள்வது?

பனியன்நகரான் (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கீழ்த்தளத்தில் தையலும் பேக்கிங்கும், மேல்தளத்தில் கணக்குப் பிரிவும் மெர்ச்சன்டைசிங்கும். கணினிப் பிரிவு என்றால் நானும் உதவிக்கு ஒரு தம்பியும்தான்.

சில நாட்களாகக் கணக்குப் பிரிவில் ஒரு தொல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு டேலி சர்வர் திடீரென்று தெரியாமல் போய்விடுகிறது. போய்ப் பார்த்தால் அதன் ஐபி முகவரி 192.168.0 என்று தொடங்குகிறது. எங்கள் முகவரிகள் எல்லாம் 10.10 என்று தொடங்குபவை. கேபிளைக் கழற்றி மாட்டினால் சில நேரம் சரியாகிறது, சில நேரம் ஆவதில்லை.

கைப்பேசியில் வைஃபை பட்டியலைப் பார்த்தேன். எங்களுடையவை அல்லாத பெயர்கள் நிறைய. அவற்றுள் ஒன்று எங்கள் நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் '2' சேர்த்து இருக்கிறது. அதை நான் வைக்கவில்லை. சுவரை ஒட்டி இன்னொரு நிறுவனம், எதிரே ஒரு வங்கிக் கிளை, மாடியில் வாடகைக்கு ஒரு ஆடிட்டர் அலுவலகம். யாருடையது என்று தெரியவில்லை.

முதலாளி மூன்று கேள்விகள் கேட்கிறார். வைத்தது யார்? இப்போதே முடக்க முடியுமா? காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா? எங்கள் ஆக்சஸ் பாயின்ட்களை (வைஃபை பரப்பும் பெட்டிகளை) நிர்வகிக்கும் வயர்லெஸ் கன்ட்ரோலரில் 'ரோக்' பட்டியல் என்று, நம்முடையவை அல்லாத வைஃபைகளைக் காட்டும் பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயருக்கு எதிரே 'கன்டெய்ன்' என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. அழுத்தலாமா?

கணினிப்பித்தன் (கோவை)

தாராளமாக அழுத்துங்கள். அதற்காகத்தானே அந்த வசதிக்குப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்? உங்கள் கட்டடம், உங்கள் நிறுவனத்தின் பெயர். அதைப் போட்டுக்கொண்டு இன்னொருவன் வைஃபை விடுகிறான் என்றால் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? முதலில் முடக்குங்கள், பிறகு விசாரியுங்கள்.

கம்பிவழி (சென்னை)

பனியன்நகரான், அழுத்தாதீர்கள். அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அது அந்த ரவுட்டரை ஒன்றும் செய்வதில்லை. உங்கள் ஆக்சஸ் பாயின்ட் அந்த ரவுட்டரின் முகவரியைத் தன் முகவரியாகப் போட்டுக்கொண்டு, அதோடு இணைந்திருக்கும் கைப்பேசிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் 'இணைப்பு முடிந்தது, விலகு' என்ற செய்தியை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். டீஆத் என்பார்கள். பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் வீட்டுக்காரரின் குரலில் 'போய் வாருங்கள்' என்று சொல்லி அனுப்புவது போன்றது இது. அந்த வைஃபை உங்கள் ஆள் வைத்ததாக இருந்தால் வேறு விஷயம். மாடியில் இருக்கும் ஆடிட்டருடையதாக இருந்தால்? பெயர் ஒன்றாக இருப்பது எதற்கும் சான்று அல்ல. பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம்.

இன்னொன்று. இந்த வித்தைக்கு ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. விலகச் சொல்லும் இந்தச் செய்திகளைப் போலியாகத் தயாரிக்க முடியாதபடி பாதுகாக்கும் முறை 802.11டபிள்யூ என்ற பெயரில் 2009-இலேயே வந்துவிட்டது. டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எதிராளி டபிள்யூபிஏ3 வைத்திருந்தால் நீங்கள் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. கணக்குப் பிரிவுக் கணினிக்கு 192.168.0 முகவரி வருகிறது என்றால், அதைக் கொடுக்கிற டிஎச்சிபி சர்வர் (கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்குவது) உங்கள் கம்பியில்தான் உட்கார்ந்திருக்கிறது. யாரோ ஒரு வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து, வெளி இணைப்புக்கான வேன் துளையில் செருகாமல் உள் கணினிகளுக்கான லேன் துளையில் செருகியிருக்கிறார்கள். அது உங்கள் சர்வரோடு போட்டி போட்டுக்கொண்டு முகவரி வழங்குகிறது. எது முந்துகிறதோ அதன் முகவரி கணினிக்குப் போகிறது. சில நேரம் சரியாகிறது, சில நேரம் ஆவதில்லை என்றீர்களே, காரணம் இதுதான்.

ஆகவே காற்றில் தேடாதீர்கள், கம்பியில் தேடுங்கள். அடுத்த முறை ஒரு கணினி மாட்டிக்கொண்டால் கேபிளைக் கழற்றாமல் அப்படியே விடச் சொல்லுங்கள். அதில் 'ஐபிகான்ஃபிக் ஆல்' கட்டளை கொடுத்தால் முகவரி கொடுத்த டிஎச்சிபி சர்வர் எது என்று காட்டும். பெரும்பாலும் 192.168.0.1. அதற்கு ஒரு பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் செய்தி) அனுப்பிவிட்டு, எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்று காட்டும் ஆர்ப் பட்டியலைப் பாருங்கள். மேக் முகவரி, அதாவது கருவியின் அடையாள எண், கிடைக்கும். பிறகு கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் உங்கள் முதன்மைச் சுவிட்சில் நுழைந்து அந்த மேக் எந்தப் போர்ட்டில் (கேபிள் துளையில்) தெரிகிறது என்று கேளுங்கள். அந்தப் போர்ட் இன்னொரு சுவிட்சுக்குப் போனால் அங்கேயும் அதே கேள்வி. கடைசியில் ஒரு சுவரையோ மேசையடியையோ போய்ச் சேர்வீர்கள்.

மேக்கின் முதல் ஆறு இலக்கங்கள் தயாரிப்பாளரைச் சொல்லிவிடும். உங்கள் நிறுவனம் வாங்கவே வாங்காத பெயர் வந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது. கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு, அந்த '2' பெயரின் பிஎஸ்எஸ்ஐடியையும் (அதன் வைஃபை பக்க மேக்) குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு ரவுட்டர்களில் கம்பிப் பக்க மேக்கும் வைஃபை பக்க மேக்கும் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களாக, கடைசி இலக்கம் மட்டும் மாறி இருக்கும். இரண்டும் அப்படி ஒத்துப்போனால் காற்றில் தெரிகிற பெயரும் கம்பியில் இருக்கிற பெட்டியும் ஒன்றே என்று துணிந்து சொல்லலாம்.

அலைவரிசை (டல்லாஸ்)

கம்பிவழி அண்ணன் சொன்னதோடு ஒரு வழக்கைச் சேர்க்கிறேன். கருத்தரங்கக் கூடங்களில் வயர்லெஸ் அமைப்பது என் தொழில். இங்கே இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது.

டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரில் கேலார்ட் ஓப்ரிலேண்ட் என்று மிகப் பெரிய ஓட்டல் இருக்கிறது. நடத்துவது மேரியட். மாநாட்டுக்கு வருகிறவர்கள் தங்கள் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டால் வேலை செய்வதில்லை என்று 2013 மார்ச்சில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி-க்கு ஒரு புகார் போனது. விசாரித்தால், ஓட்டல் ஊழியர்கள் வைஃபை கண்காணிப்பு அமைப்பில் இருந்த இதே 'கன்டெய்ன்' வசதியைக் கொண்டு விருந்தினர்களின் ஹாட்ஸ்பாட்டைத் துண்டித்திருக்கிறார்கள். அதே நேரத்தில் ஓட்டல் வைஃபைக்காக மாநாட்டுக்காரர்களிடம் ஒரு கருவிக்கு 250 முதல் 1,000 டாலர் வரை வசூலித்திருக்கிறார்கள்.

2014 அக்டோபரில் மேரியட் 6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. போலி ஹாட்ஸ்பாட்களிடமிருந்து விருந்தினர்களைக் காப்பாற்றத்தான் செய்தோம், பயன்படுத்தியதும் ஆணையம் அனுமதித்த கருவிதான் என்பது அவர்களின் வாதம். 1934-ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 333-ஆம் பிரிவு, அனுமதி பெற்ற வானொலித் தொடர்பில் வேண்டுமென்றே குறுக்கிடுவதைத் தடை செய்கிறது. வைஃபை அதற்குள் வரும் என்பது ஆணையத்தின் நிலை. ஓட்டல்காரர்கள் சங்கமும் மேரியட்டும் விதியைத் தெளிவுபடுத்தக் கேட்டுப் போட்ட மனுவை 2015 ஜனவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே மாதம் 'வைஃபையைத் தடுப்பது சட்டவிரோதம்' என்று ஆணையம் வெளிப்படையாக எச்சரிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஸ்மார்ட் சிட்டி என்ற நிறுவனம் 7.5 லட்சம் டாலர் கட்டியது. அது மாநாட்டு மையங்களுக்கு இணைய வசதி செய்துகொடுக்கும் நிறுவனம்.

பொத்தான் கன்ட்ரோலரில் இருக்கிறது என்பதால் அழுத்தும் உரிமையும் கூடவே வந்துவிடுவதில்லை.

கணினிப்பித்தன் (கோவை)

சரி, ஆனால் அது அமெரிக்கா. நம் ஊரில் எஃப்சிசி இல்லை, 333-ஆம் பிரிவும் இல்லை. தவிர, மேரியட் செய்தது காசுக்காக. பனியன்நகரான் செய்யப்போவது தற்காப்பு. கணக்குப் பிரிவே முடங்கிக் கிடக்கும்போது அமெரிக்கச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

வைகைக்கரை (மதுரை)

வழக்கறிஞர் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். கணினிப்பித்தன் கேட்டது நியாயமான கேள்வி. நம் ஊரில் வேறு சட்டம், ஆனால் போய்ச் சேரும் இடம் வெகு தூரத்தில் இல்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதியை 2018-லும் மத்திய அரசு விலக்கு அளித்தது. அந்த விலக்கின் அடிப்படையே பிறருக்குக் குறுக்கீடு செய்யாமல், தனக்குப் பாதுகாப்பு கோராமல், எல்லோரோடும் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதுதான். கட்டடம் உங்களுடையதாக இருக்கலாம். அதற்குள் இருக்கும் அலைவரிசை உங்களுடையது அல்ல.

அடுத்து, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு. உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி ஒரு கணினி நெட்வொர்க்கின் இயக்கத்தைக் குலைப்பதும், அதைப் பயன்படுத்த உரிமையுள்ளவருக்கு அது கிடைக்காமல் செய்வதும் அதில் தனித்தனி உட்பிரிவுகளாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. ஆடிட்டரின் வைஃபையை நீங்கள் துண்டித்தால், அவருடைய பார்வையில் அந்த உட்பிரிவுகளுக்குள் வந்து நிற்பவர் நீங்கள்தான். கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் அவருடைய இணைப்பு போனால் இழப்பீடு கேட்டு வருவார். இத்தகைய கோரிக்கைகளை விசாரிக்க ஒவ்வொரு மாநிலத்திலும் தீர்ப்பு அதிகாரி இருக்கிறார். தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே அவர். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகள் அவரிடம் போகும்.

ஜாமர் வாங்கி வைத்தால் என்ன என்று அடுத்து யாரேனும் கேட்பீர்கள். கேட்காதீர்கள். அரசு தனியாக அனுமதித்தால் ஒழிய, சமிக்ஞையை முடக்கும் கருவிகள் சட்டவிரோதம் என்று 2022 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை பொது அறிவிப்பே வெளியிட்டது.

தற்காப்பு என்கிறீர்கள். உங்கள் சுவிட்சின் போர்ட்டை மூடுவது தற்காப்பு. அது உங்கள் சொத்து, உங்கள் முடிவு, யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு வழி திறந்திருக்கும்போது இன்னொருவரின் அலைவரிசையில் கை வைத்ததை எந்த அதிகாரியிடமும் நியாயப்படுத்த முடியாது.

கணினிப்பித்தன் (கோவை)

போர்ட்டை மூடினாலே வேலை முடிகிறது என்றால் எனக்கும் சம்மதமே. ஆடிட்டர் கோணம் எனக்குத் தோன்றவில்லை. நல்ல விளக்கம், நன்றி ஐயா.

பனியன்நகரான் (திருப்பூர்)

கிடைத்துவிட்டது. கம்பிவழி அண்ணன் சொன்ன வழியில் அப்படியே போனேன். காலையில் கணக்குப் பிரிவில் ஒரு கணினி மாட்டியது. மேக் முகவரியை எடுத்து முதன்மைச் சுவிட்சில் தேடினால், கீழ்த்தளத்துக்குப் போகும் ஃபைபர் போர்ட்டைக் காட்டியது. கீழே பேக்கிங் பிரிவுச் சுவிட்சில் தேடினால் 17-ஆம் போர்ட். அது பார்கோடு பிரிண்டருக்குப் போக வேண்டிய கேபிள்.

அட்டைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால், இரும்பு அலமாரியின் மேல்தட்டில், பாலி பை ரோல்களுக்கு நடுவில் இருந்தது. இரண்டு ஆன்டெனா உள்ள சாதாரண வீட்டு ரவுட்டர். மேலே நூல் தூசி ஒரு படலமாகப் படிந்திருந்தது. பிரிண்டரின் கேபிளைப் பிடுங்கி அதன் லேன் துளையில் செருகி, இன்னொரு துளையிலிருந்து பிரிண்டருக்குக் கேபிள் இழுத்திருக்கிறார்கள். அதனால் பிரிண்டரும் ஓடிக்கொண்டிருந்தது, எவருக்கும் சந்தேகம் வரவில்லை. அடியில் இருந்த ஸ்டிக்கரில் உள்ள மேக்கும் நான் காற்றில் குறித்த பிஎஸ்எஸ்ஐடியும் கடைசி இலக்கத்தில் மட்டுமே வேறுபட்டன.

வைத்தவர் பேக்கிங் சூப்பர்வைசர். அவரே ஒப்புக்கொண்டார். அங்கே எங்கள் வைஃபை எட்டுவதில்லை. பையர்கள் பேக்கிங் படங்களை வாட்ஸ்அப்பில் உடனுக்குடன் கேட்கிறார்கள், அதற்காக வீட்டில் சும்மா கிடந்ததைக் கொண்டுவந்து வைத்தேன் என்கிறார். பாஸ்வேர்டு அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும், லாரி ஓட்டுநர்கள் சிலருக்கும்கூட.

முதலாளி கொதித்துப்போயிருக்கிறார். ஆளை இன்றே வேலையை விட்டு நிறுத்த வேண்டும், காவல் நிலையத்துக்கும் போக வேண்டும் என்கிறார். ரவுட்டர் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, மின்சாரத்தையும் நிறுத்தவில்லை. அதன் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்க்கவா? பாஸ்வேர்டு பெரும்பாலும் 'அட்மின்' ஆகத்தான் இருக்கும்.

வைகைக்கரை (மதுரை)

நிறுத்துங்கள். ரவுட்டர் அவருடைய சொந்தப் பொருள். உங்கள் நெட்வொர்க்கில் அனுமதியின்றி வைத்தது அவர் தவறு. அதற்காக அவருடைய கருவியின் பாஸ்வேர்டை ஊகித்து நீங்கள் நுழைந்தால், அதே 43-ஆம் பிரிவை அவர் உங்கள் மீது திருப்பலாம். அவரை அழைத்து, நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பதிவுகளைப் பார்க்கச் சம்மதிப்பதாக எழுதி வாங்குங்கள். அவரே பாஸ்வேர்டைப் போடட்டும், நீங்கள் பாருங்கள், பக்கத்தில் இன்னொருவர் சாட்சியாக இருக்கட்டும்.

போர்ட்டை இந்த நிமிடமே சுவிட்சில் மூடிவிடுங்கள், ஆனால் ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். விலை குறைந்த ரவுட்டர்களில் பதிவுகள் எல்லாம் நினைவகத்தில் மட்டுமே இருக்கும்; மின்சாரம் போனால் அவையும் போகும். ரீசெட் பொத்தானைத் தம்பி தொட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதை அசைப்பதற்கு முன் இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். அலமாரி முழுவதும் தெரிய ஒன்று, எந்தத் துளையில் எந்தக் கேபிள் என்று தெரிய ஒன்று, ஸ்டிக்கர் தெரிய ஒன்று. சுவிட்சின் மேக் பட்டியல், டிஎச்சிபி பதிவு, கன்ட்ரோலரின் ரோக் பட்டியல் மூன்றையும் கோப்பாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 ஹேஷ் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற மதிப்பு) கணக்கிட்டு எழுதி வையுங்கள். சுவிட்சின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, வித்தியாசம் இருந்தால் அதையும் குறியுங்கள். பத்து நிமிடம் தள்ளி ஓடும் கடிகாரத்தை வைத்தே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முழுப் பதிவையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடுவார்.

ஹேஷ் எதற்கு என்றால், 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் இருக்கிறது. மின்னணுப் பதிவுகளுக்கான பழைய 65பி சான்றிதழின் இடத்தில் இப்போது 63-ஆம் பிரிவின் சான்றிதழ். அதன் படிவத்திலேயே ஹேஷ் மதிப்பை எழுத இடம் இருக்கிறது. பகுதி 'ஏ'-வைப் பதிவைக் கொடுக்கும் தரப்பு நிரப்ப வேண்டும், பகுதி 'பி'-யை நிபுணர் நிரப்ப வேண்டும். மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று பழைய சட்டத்தின்கீழ் உச்ச நீதிமன்றம் 2014-இல் அன்வர் வழக்கிலும், 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. இது நீதிமன்றம் வரை போகாமலே முடியலாம், முடிய வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். ஆனால் சான்றை எடுக்க முடிவது இன்று மட்டும்தான்.

காவல் நிலையம் பற்றி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் சொன்ன செயல் அதன் 66-ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாக வேண்டும் என்றால், அது நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடி நோக்கத்தோடோ செய்யப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பையருக்குப் படம் அனுப்ப ரவுட்டர் வைத்தவரிடம் அந்த நோக்கம் இருந்ததாக இதுவரை நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை. பதிவுகளைப் பார்த்த பிறகு வேறு ஏதாவது தெரிந்தால், உதாரணமாக வடிவமைப்புக் கோப்புகளோ விலைப்பட்டியலோ அந்த வழியாக வெளியே போயிருந்தால், அப்போது மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்குப் போகலாம். இந்தச் சட்டத்தின்கீழ் விசாரிக்க இன்ஸ்பெக்டர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரி வேண்டும்.

தேன்மொழி (ஈரோடு)

மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், ஆகவே முதலாளி சொன்ன இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். இன்றே நிறுத்துவது என்பது சரியான வழி அல்ல. குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, விளக்கம் கேட்டு, போதவில்லை என்றால் உள்விசாரணை நடத்தித்தான் தண்டனைக்குப் போக முடியும். குறிப்பாணையில் 'எந்த விதியை மீறினார்' என்று ஒரு வரி எழுத வேண்டுமே, அங்கே என்ன எழுதுவீர்கள்? நிறுவன நெட்வொர்க்கில் சொந்தக் கருவியை இணைக்கக் கூடாது என்று எழுதப்பட்ட கொள்கை உங்களிடம் இருக்கிறதா? அதில் அவர் கையெழுத்திட்டிருக்கிறாரா? பணிநியமனக் கோப்பை எடுத்துப் பாருங்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. பேக்கிங் பிரிவில் வைஃபை எட்டவில்லை என்று அவர் முன்பே யாரிடமாவது கேட்டிருக்கிறாரா? வேலை முடிய வேண்டும் என்ற நெருக்கடி மேலிருந்து வருகிறது, கருவி மட்டும் வருவதில்லை. இவரைத் தண்டித்துவிட்டு அந்த மூலையை அப்படியே விட்டால் அடுத்த சூப்பர்வைசர் இன்னும் சிறிய ரவுட்டராக வாங்கி, இன்னும் நன்றாக மறைத்து வைப்பார்.

பனியன்நகரான் (திருப்பூர்)

கேட்டிருக்கிறார், மேடம். போன தீபாவளிக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பட்ஜெட் இல்லை என்று பதில் போயிருக்கிறது. எழுதப்பட்ட கொள்கையும் எங்களிடம் இல்லை.

அறுபத்துமூவர்தெரு (சென்னை)

ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம், நான்கு பில்லிங் கவுண்டர்கள். கார்டு வாங்கும் கடைகளுக்குப் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டுத் தகவல் பாதுகாப்புத் தரம் உண்டு. அதில் 11.2-ஆம் விதிப்படி, அனுமதித்த, அனுமதிக்காத ஆக்சஸ் பாயின்ட்கள் இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது தேடிப் பார்க்க வேண்டும். 'எங்களிடம் வைஃபையே இல்லை' என்று சொன்னாலும் தேடத்தான் வேண்டும். அனுமதித்தவற்றின் பட்டியலும், ஒவ்வொன்றும் எதற்கு என்ற காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும். முதல் முறை இதை வீண் சடங்கு என்று நினைத்தோம். பட்டியல் போட்டுப் பார்த்தபோதுதான் எது நம்முடையது என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

வைஃபையை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டிஜேஎக்ஸ் என்ற சில்லறை விற்பனை நிறுவனத்தின் கதை போதும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் அவர்களுடைய ஒரு துணிக்கடையின் வைஃபை, உடைக்க எளிதான பழைய டபிள்யூஈபி முறையில் இருந்தது. 2005-இல் அந்த வழியாக நுழைந்தவர்கள் தலைமை அலுவலகம் வரை போய்விட்டார்கள். 2007-இல் வெளியே வந்தபோது, குறைந்தது 4.57 கோடி கார்டு எண்கள் போயிருந்தன.

வேம்பநாடு (நாகர்கோவில்)

எனக்கு ஒரு சந்தேகம். சைபர் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறதே, இதையும் சொல்ல வேண்டுமா?

வைகைக்கரை (மதுரை)

நல்ல கேள்வி. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதியிட்ட உத்தரவில் இணைப்பாக ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் சொன்ன வகை நிகழ்வு கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளையும் தரவையும் அனுமதியின்றி அணுகுவது அந்தப் பட்டியலில் உண்டு. ரவுட்டர் இருந்தது என்பது ஒன்று, அதன் வழியாக அந்நியர் ஒருவர் உங்கள் சர்வரைத் தொட்டார் என்பது வேறொன்று. இரண்டாவது நடந்ததற்கு அடையாளம் தெரிந்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆகவே பனியன்நகரான், டேலி சர்வரின் உள்நுழைவுப் பதிவுகளையும், பொதுக் கோப்புறை இருந்தால் அதன் பதிவுகளையும் இன்றே பாருங்கள். அதே உத்தரவுப்படி பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பதையும் முதலாளியிடம் சொல்லுங்கள். சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த கால அவகாசம் 2022 செப்டம்பரோடு முடிந்துவிட்டது.

லாரி ஓட்டுநருக்கும் பாஸ்வேர்டு தெரியும் என்று எழுதினீர்களே, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போன காவல்துறை, நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. பூட்டாமல் விட்டிருந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சல், செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபை வழியாகப் போயிருந்தது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு உங்கள் கட்டடத்திலிருந்து போவது எல்லாமே உங்கள் நிறுவனத்தின் ஐபி. சூப்பர்வைசரின் ரவுட்டர் என்று அதில் எழுதியிருக்காது.

கம்பிவழி (சென்னை)

இனி இது நடக்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சுவிட்சுகளில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் வசதி இருக்கும். சர்வர் இருக்கும் போர்ட்டையும் சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்களையும் மட்டும் நம்பகமானவை என்று குறித்துவிட்டு அதைப் போடுங்கள். மற்ற எந்தப் போர்ட்டிலிருந்தும் எவரும் முகவரி வழங்க முடியாது. பணம் செலவில்லை, கணக்குப் பிரிவின் தொல்லை அன்றோடு தீர்ந்தது.

ஆனால் கவனியுங்கள், அது தொல்லையைத் தீர்க்குமே தவிர ரவுட்டரைக் காட்டிக்கொடுக்காது. இந்தச் சூப்பர்வைசர் லேன் துளையில் செருகியதால் மாட்டினார். வேன் துளையில் செருகியிருந்தால் உங்கள் சர்வரிடம் நல்ல பிள்ளையாக ஒரு முகவரி வாங்கிக்கொண்டு, தனக்குப் பின்னால் இருபது கைப்பேசிகளை மறைத்துக்கொண்டு, சுவிட்சுக்கு ஒரே ஒரு மேக்காகத் தெரிந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் இருந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த வகையைப் பிடிக்க டிடிஎல் உதவும். நெட்வொர்க்கில் போகும் ஒவ்வொரு தரவுத் துண்டிலும், அதாவது பாக்கெட்டிலும், இருக்கும் ஒரு எண் அது. விண்டோஸ் கணினியிலிருந்து கிளம்பும் பாக்கெட்டில் டிடிஎல் 128, ஆண்ட்ராய்டிலிருந்து 64. நடுவில் ஒரு ரவுட்டர் இருந்தால் ஒன்று குறைந்து 127, 63 என்று வரும். பணியாளர் போர்ட்டிலிருந்து நேரடியாக வரும் பாக்கெட்டில் 63 தென்பட்டால் அந்தப் போர்ட்டின் கேபிளைப் பிடித்துக்கொண்டு நடங்கள்.

முழுமையான பாதுகாப்பு 802.1எக்ஸ். கருவி தன்னை நிரூபித்த பிறகே போர்ட் திறக்கும். உங்கள் அளவு நிறுவனத்தில் அதை ஒரே நாளில் எல்லா இடத்திலும் போட முயலாதீர்கள்; பிரிண்டர்களும் வருகைப் பதிவுக் கருவிகளும் நின்றுபோய், மறுநாள் காலை நீங்களே அதை எடுத்துவிடுவீர்கள். முதலில் யாரும் பயன்படுத்தாத போர்ட்கள் அனைத்தையும் மூடுங்கள். பிறகு பிரிண்டர் போர்ட்களில் மேக் எண்ணிக்கையை ஒன்று என்று கட்டுப்படுத்துங்கள். 17-ஆம் போர்ட்டில் அது மட்டும் இருந்திருந்தால், ரவுட்டரும் பிரிண்டரும் சேர்ந்து ஒன்றுக்கு மேல் மேக் காட்டிய நொடியே சுவிட்ச் எச்சரித்திருக்கும். அதற்கு அடுத்த கட்டமாக 802.1எக்ஸ்.

மேனேஜ்டு சுவிட்ச் (இப்படி உள்ளே நுழைந்து பார்க்கவும் அமைக்கவும் முடிகிற சுவிட்ச்) இல்லாதவர்கள் கைப்பேசியோடு நடந்துதான் தேட வேண்டும். சமிக்ஞை அளவு மைனஸ் 70-இலிருந்து மைனஸ் 40-ஐ நோக்கி ஏறினால் நெருங்குகிறீர்கள். கைப்பேசியை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உடம்பு மறைக்கும் திசையில் சமிக்ஞை விழும், ஆகவே அளவு மிகக் குறையும்போது ரவுட்டர் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸிலும் அந்தப் பெயர் தெரிந்தால் அதை வைத்துத் தேடுங்கள். சுவரைத் தாண்டியதும் சட்டென்று பலவீனமாவதால் அறையைக் குறுக்குவது எளிது. பெயரை மறைத்து வைத்திருந்தாலும் அஞ்ச வேண்டாம். பெயர்தான் காலியாக இருக்கும், பிஎஸ்எஸ்ஐடியோடு நொடிக்குச் சுமார் பத்து முறை அது தன்னை அறிவித்துக்கொண்டேதான் இருக்கும்.

பனியன்நகரான் (திருப்பூர்)

எல்லோருக்கும் நன்றி. இதுவரை நடந்ததை எழுதிவிடுகிறேன்.

போர்ட் மூடியாகிவிட்டது. படங்கள், பதிவுகள், ஹேஷ் எல்லாம் எடுத்துக் கணக்குப் பிரிவு மேலாளரிடம் உறையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். சூப்பர்வைசர் எழுத்தில் சம்மதம் தந்து, அவரே நிர்வாகப் பக்கத்தைத் திறந்தார். இணைந்திருந்தவை எல்லாம் கைப்பேசிகள். டேலி சர்வரிலும் பொதுக் கோப்புறையிலும் அந்நிய உள்நுழைவு எதுவும் தென்படவில்லை. அதையும் தேதி, நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாளியிடம் மேடம் சொன்ன இரண்டு கேள்விகளையும், சூப்பர்வைசரின் பழைய மின்னஞ்சலையும் ஒன்றாகக் கொண்டுபோய் வைத்தேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு குறிப்பாணை வேண்டாம், எச்சரிக்கைக் கடிதம் போதும் என்றார். பேக்கிங் பிரிவுக்கு இரண்டு ஆக்சஸ் பாயின்ட் வாங்கவும் ஒப்புதல் தந்துவிட்டார். கன்ட்ரோலரில் தானாகக் கன்டெய்ன் செய்யும் அமைப்பு அணைந்துதான் இருக்கிறது என்பதையும் சரிபார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ரோக் பட்டியலில் மற்ற பெயர்கள் எங்கள் கம்பியில் இல்லை என்று உறுதி செய்தேன். அவற்றில் ஒன்று மாடி ஆடிட்டருடையது. அவருடைய ஆக்சஸ் பாயின்ட் எங்கள் சேனலிலேயே முழு வலுவோடு இருக்கிறது. கணக்குப் பிரிவின் வைஃபை வேகம் குறைவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இதற்கு என்ன வழி?

கம்பிவழி (சென்னை)

மேலே போய் அவரிடம் பேசுங்கள். 2.4-இல் 1, 6, 11 மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. நீங்கள் 1-க்கும் அவர் 11-க்கும் மாறிக்கொண்டு, அனுப்பும் திறனை இருவரும் கொஞ்சம் குறைத்தாலே போதும். முடிந்தவரை உங்கள் கணினிகளை 5-க்கு நகர்த்துங்கள். ஆடிட்டரின் ரவுட்டரில் அதை மாற்றத் தெரிந்த ஆள் இல்லை என்றால், அவர் சம்மதத்தோடு நீங்களே மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

வைகைக்கரை (மதுரை)

அந்தச் சம்மதத்தையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள். எச்சரிக்கைக் கடிதத்தோடு புதிய கொள்கையையும் இணைத்து, சூப்பர்வைசர் ஒருவரிடம் மட்டும் இல்லாமல் எல்லாப் பணியாளரிடமும், ஒப்பந்தக்காரரிடமும் தமிழில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். 'சொந்த ரவுட்டர், ஹாட்ஸ்பாட் கருவி, சுவிட்ச் எதையும் நிறுவனக் கேபிளில் இணைக்கக் கூடாது. தேவை இருந்தால் கணினிப் பிரிவிடம் எழுத்தில் கேட்கலாம், ஏழு நாளில் பதில் தரப்படும்' என்று இரண்டாவது பாதியையும் சேர்த்தே எழுதுங்கள். வரைவை இங்கே போட்டால் பார்த்துத் தருகிறேன்.